பாங்காக் பாம்புப் பண்ணையில் ஒரு பகல்



"விடுமுறைக்கு வாத்தியார் எங்கே காணாமல் போனார்?" என்று கடிதம் எழுதிக் கேட்ட அன்பர்களுக்கு முதலில் என் வணக்கம். பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே முதுகில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல், இவ்வளவோடு பாடாங் பெசாரில் ரயிலேறிவிட்டேன். நாற்பத்தாறு வயதில் முதுகுப்பை மாட்டிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து என் மனைவி, "ஒண்ணாம் வகுப்புல சேரப் போற பிள்ளை மாதிரியே இருக்கீங்க" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தப் பையைச் சுமந்துகொண்டு நான் எதைப் பார்க்கப் போனேன் என்று அவளுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் பட்டர்வொர்த்திலேயே ஏறிப் பாங்காக் வரை நேராகப் போகலாம். 2016-ஆம் ஆண்டோடு அந்த வண்டி நின்றுவிட்டது. இப்போது எல்லையில் பாடாங் பெசாரில்தான் தாய்லாந்து ரயிலைப் பிடிக்க வேண்டும். மாலையில் ஏறினால் மறுநாள் காலை பாங்காக். இரவு வந்ததும் ஆள் வந்து இருக்கைகளைப் படுக்கையாக்கி, வெள்ளைத் துணி விரித்து, திரையும் போட்டுவிடுகிறான். ரயிலின் தாலாட்டில் நான் தூங்கிய தூக்கம் வீட்டில்கூடத் தூங்கியதில்லை.

பாங்காக்கில் நான் தங்கியது கட்டில் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் விடுதி. ஓர் அறைக்குள் மேலும் கீழுமாக எட்டுக் கட்டில்கள். லயத்து வீட்டில் ஒன்பது பேரோடு படுத்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன சிரமம்? அங்கே பசியாறும் மேசையில் மூன்று பேர் பழக்கமானார்கள். ஒருத்தி ஹாலந்து நாட்டுப் பெண், தாதிப் பயிற்சியை முடித்துவிட்டு வேலையில் சேருமுன் ஊர் சுற்ற வந்தவள். ஒருவன் தைவான் நாட்டுக் கல்லூரி மாணவன். மூன்றாமவர் என்னைவிட மூத்தவர், இங்கிலாந்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். "இன்றைக்கு எங்கே போகலாம்?" என்று பேச்சு வந்தது. ஒருவர் கோயில் என்றார், ஒருவர் சந்தை என்றார். "நான் பாம்புப் பண்ணைக்குப் போகிறேன்" என்றேன். மேசையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு மூன்று பேருமே கூட வருவதாகச் சொல்லிவிட்டார்கள். தைவான் பையன் மட்டும், "அங்கிள், கண்ணாடிக்குள்தானே இருக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

பண்ணை என்றதும் ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நகரத்தின் நடுவில், ராமா 4 சாலையில், பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த சாவோபா அரசியார் நினைவு நிலையம் என்பது அதன் பெயர். அதன் கதை பாம்பில் தொடங்கவில்லை, நாயில் தொடங்கியது. 1911-இல் டாம்ரோங் இளவரசரின் மகள் வெறிநாய்க் கடியால் இறந்துபோனாள். அப்பன் அரசாங்கத்தில் பெரிய மந்திரி. இருந்தும் பிள்ளையைக் காப்பாற்ற ஊரில் மருந்தில்லை. அந்தத் துயரத்திலிருந்துதான் வெறிநாய்க் கடிக்கு மருந்து செய்யும் நிலையம் பிறந்தது. 1922-இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். மறுவருஷம், 1923-இல், பாம்பு விஷத்துக்கு மாற்று மருந்து செய்வதற்காகப் பாம்புப் பண்ணையும் வந்தது. ஆக இது வேடிக்கை காட்டுவதற்காகக் கட்டிய இடமில்லை. மருந்துச்சாலை ஒன்று தன் கதவைத் திறந்து நம்மையும் உள்ளே வந்து பார்க்க விடுகிறது, அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் எனக்கு வாத்தியார் புத்தி வந்துவிட்டது. தாய் மொழியில் பாம்புக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஙூ'. ஆம், நம் நெடுங்கணக்கில் வருகிற அதே ஙூ! ங, ஙா, ஙி, ஙீ, ஙு, ஙூ என்று பிள்ளைகள் பாடுகிறார்களே, "சார், ஙூவுக்கு ஒரு சொல் சொல்லுங்க" என்று கேட்டால் இத்தனை வருஷமாக நான் விழித்திருக்கிறேன். தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சங்கடமில்லை. அவர்கள் அரிச்சுவடியில் 'ங' எழுத்துக்குப் பக்கத்தில் பாம்புப் படம்தான் இருக்கும். இதைச் சொன்னதும் ஹாலந்துப் பெண் நாலைந்து தடவை 'ஙூ, ஙூ' என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்கு வரவேயில்லை. நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிற ஒலி!

காலையில் விஷம் எடுப்பதைக் காட்டினார்கள். ஒருவர் நாகத்தின் தலைக்குப் பின்னால் விரல்களால் பிடித்துக்கொண்டு வர, இன்னொருவர் கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினார். பாம்பு கிண்ணத்து விளிம்பைக் கவ்வியது. பல்லிலிருந்து மஞ்சள் நிறத்தில் சொட்டுச் சொட்டாக விஷம் இறங்கியது. பால்மரத்தில் கோடு போட்டதும் மங்கில் முதல் சொட்டு விழுமே, அதே வேகம்தான். மொத்தம் ஒரு தேக்கரண்டிகூட இராது. தைவான் பையன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே பார்த்தான். தபால்காரர், "முப்பது வருஷம் நாய்களோடு மல்லுக்கட்டினேன். நல்லவேளை, எங்கள் ஊர் வீட்டு வாசலில் இது இல்லை" என்றார்.

அந்தச் சொட்டு விஷத்தை உறைய வைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். அதை மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசி போடுகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுகிறார்கள். குதிரையின் உடம்பு விஷத்தோடு சண்டை போட்டுப் பழகி, அதை முறிக்கும் சக்தியைத் தன் இரத்தத்தில் உண்டாக்கிக்கொள்கிறது. அந்த இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, தெளிந்த நீரைப் பிரித்து, சுத்தம் செய்து, பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். அந்தக் குப்பிதான் மருந்து. குதிரை சாவதில்லை. 1890-களில் சைகோனில் வேலை பார்த்த கால்மெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நாகக் கடிக்காக ஆராய்ந்து தொடங்கிவைத்த வழி இது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து கிடையாது. இந்த நிலையத்தில் நாகம், ராஜநாகம், இரண்டு வகைக் கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், பச்சை விரியன், மலாயா விரியன் என்று ஏழு பாம்புகளுக்குத் தனித்தனி மருந்து செய்கிறார்கள். அது போக, பல பாம்புகளுக்குச் சேர்ந்தாற்போல் வேலை செய்கிற மருந்து இரண்டு வகை உண்டு. நம் நாட்டு மருத்துவமனைகளில் பாம்புக் கடிக்குப் போடும் மருந்தில் பெரும்பகுதி இந்தச் செஞ்சிலுவைச் சங்கத்துக் குப்பிதான். தமிழ்நாட்டில் போடும் மருந்து நம் மலாயா விரியனுக்கு ஆகாது. அது அங்குள்ள பாம்புகளுக்கென்று செய்தது. நம் தோட்டங்களில் வயதானவர்கள் எந்தப் பாம்பைக் கண்டாலும் "கண்ணாடிவிரியன்" என்பார்கள் அல்லவா? கப்பலில் வந்த பெயர் அது. கண்ணாடிவிரியன் தாய்லாந்தில் இருக்கிறது. நம் தீபகற்ப மலேசியாவில் இல்லை. நம் பெரியவர்கள் ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பாம்பை விடாமல் கூட்டி வந்துவிட்டார்கள்!

இனி நான் அங்கே போன காரணத்துக்கு வருகிறேன்.

கண்ணாடிக் கூண்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகையில் ஒன்றின் முன்னால் கால் நின்றுவிட்டது. தரையில் காய்ந்த இலைச் சருகு. கூண்டு காலி என்று எல்லோரும் கடந்து போனார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு சருகுக்குள் சருகாக ஒன்று சுருண்டு கிடந்தது தெரிந்தது. முழம் இரண்டு இருக்கும். பழுப்பு உடம்பு, முதுகில் இரண்டு பக்கமும் முக்கோண முக்கோணமாகக் கறுப்பு. கூரான மூக்கு. மலாய்க்காரர்கள் 'உலார் காப்பாக் போடோ' என்பார்கள். போடோ என்றால் மடையன். ஆள் நடந்து வருவது தெரிந்தாலும் ஓடாமல் கிடந்த இடத்திலேயே கிடப்பதால் அந்தப் பெயர். கடாவிலும் பெர்லிஸிலும் கித்தாக் காட்டுக்காரர்களுக்கு இவனை நன்றாகத் தெரியும்.

1989-இல் என் அப்பாவைக் கடித்தவன் இவன்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. கடாவில் ஒரு தோட்டம். பெரட்டு முடிந்து அப்பா நிரைக்குப் போய் நாலாவது மரத்தில் கத்தி வைத்திருக்கிறார். இருட்டு விலகவில்லை. கணுக்காலில் முள் குத்தியது போலிருந்ததாம். நெற்றி விளக்கைக் குனிந்து காட்டினால், கடித்த பாம்பு கடித்த இடத்திலேயே கிடக்கிறது. பக்கத்து நிரைக்காரர்கள் அவரை லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். டிரசர் அன்றைக்கு லீவு. தோட்டத்து லோரி பால் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. லயத்துக் கோடியில் பாம்புக் கடிக்கு மந்திரிக்கிற தாத்தா ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. அவர் வந்து கடிவாயைப் பார்த்துவிட்டு, "விஷம் ஏறாம கட்டணும். கயிறு கொண்டாங்கடா" என்றார்.

கயிறு எடுக்க ஓடியவன் நான். எங்கள் ஆட்டுக் கொட்டாயில் கிடந்த கயிறு. ஓடிப்போய் எடுத்து வந்தது நான்தான் என்று அன்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? முழங்காலுக்குக் கீழே தாத்தா அதை இறுக்கிக் கட்டினார். விடியற்காலை கட்டிய கட்டு, பிற்பகல் மூன்று மணிக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் அவிழ்ந்தது. இடைப்பட்ட நேரமெல்லாம் மந்திரமும் வேப்பிலையும். கால் கறுத்து, யானைக்கால் போல வீங்கிவிட்டது. அப்பா கயிற்றை அவிழ்க்கச் சொல்லி அலறினார். நாலு பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவிழ்த்தால் விஷம் தலைக்கு ஏறிவிடும் என்று எல்லோருமே நம்பினோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் அப்பாவின் இரத்தத்தை எடுத்து மேசைமேல் நிறுத்தி வைத்தார்கள். இருபது நிமிஷம் கழித்து டாக்டர் குழாயைச் சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீர் போல ஓடியது. இந்தப் பாம்பின் விஷம் செய்கிற வேலை அது. இன்றைக்கும் அந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள். மருந்து ஏற்றினார்கள். உயிர் தங்கியது. பத்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். "பாம்பு கடிச்சதால இல்ல, கட்டினதாலதான் கால் இவ்வளவு கெட்டுப்போச்சு" என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டில் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கூண்டு முன்னால் நின்று இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஹாலந்துப் பெண்தான் பேசினாள். "மந்திரிக்கிறவரிடம் போய்ப் பிழைத்தவர்கள் யாருமே இல்லையா?" என்று கேட்டாள். நிறையப் பேர் இருந்தார்கள் என்றேன். அதனால்தானே ஊரே அவரை நம்பியது?

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பினாங்கு ஆஸ்பத்திரியில் அலிஸ்டர் ரீட் என்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். கடல் பாம்பு கடித்த மீனவர்களையும், விரியன் கடித்த தோட்டத்துக்காரர்களையும் வருஷக் கணக்கில் பக்கத்திலிருந்து கவனித்து எழுதி வைத்தவர். மலாயா விரியன் கடித்து வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விஷம் ஏறவேயில்லை, அல்லது மிகக் கொஞ்சமே ஏறியிருந்தது என்று அவர் கண்டார். பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு தடவையும் விஷத்தைச் செலுத்துவதில்லை. அப்படியானால் பத்துப் பேருக்கு மந்திரித்தால் ஐந்து பேர் தாமாகவே எழுந்து நடப்பார்கள். பேர் மந்திரத்துக்குப் போகும். மீதி ஐந்து பேருக்குத்தான் ஆஸ்பத்திரி. ஆனால் கடி வாங்கியவர் எந்த ஐந்தில் இருக்கிறார் என்று கடிவாயைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. தாத்தா பொய் சொல்லவில்லை. அவர் கண்ணால் கண்டதைத்தான் நம்பினார்.

அந்த ரீட் கவனித்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விரியன் கடித்த பலருக்கு இரத்தம் உறையாமல் இருந்தும், ஆபத்தாக இரத்தம் கொட்டவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, இரத்தக் குழாய் அடைப்புக்கு அதே விஷத்திலிருந்து 'ஆர்வின்' என்றொரு மருந்து செய்து பார்த்தார்கள். நம் கித்தாக் காட்டுப் பாம்பு ஒரு காலத்தில் சீமை ஆஸ்பத்திரிவரை போய் வந்திருக்கிறது.

மற்றபடி தாதிப் பெண்ணும் பண்ணையில் விளக்கம் சொன்னவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள், அதை அப்படியே எழுதுகிறேன். கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள். கொலுசு, மெட்டி, மோதிரம் எதுவானாலும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கை கால் முறிந்தவருக்குச் செய்வது போல ஒரு பலகையை வைத்து அசையாமல் துணியால் தளர்வாகச் சுற்றி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடிக் கொன்று எடுத்துப் போக வேண்டாம். இரண்டாவது ஆள் கடி வாங்குவது அப்படித்தான். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். நம் நாட்டில் பாம்புக் கடி நிபுணர்களான மருத்துவர்கள் குழு ஒன்று இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி டாக்டரும் அவர்களைக் கூப்பிட்டு, படத்தைக் காட்டி, எந்த மருந்து, எத்தனை குப்பி என்று கேட்டுக்கொள்ளலாம். செம்பனைக் காட்டில் எலிக்குப் பின்னால் வரும் நாகம் கண்ணைக் குறி வைத்துத் துப்பினால், கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999. இன்று நம் காடுகளில் வேலை செய்கிற வங்காளதேசத்துப் பையனுக்கும் இந்தோனேசியக்காரனுக்கும் இதை யார் சொல்வார்கள்? பக்கத்து லயத்தில் இருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உலகத்தில் ஆண்டுதோறும் 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக் கடியால் சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. காடு மேட்டில் பாடுபடுகிறவர்களே அதில் அதிகம்.

பிற்பகலில் பாம்புகளைக் கையில் பிடித்துக் காட்டும் காட்சி நடந்தது. ராஜநாகம் ஆளுயரத்துக்குத் தலை தூக்கியதும் கூட்டம் பின்வாங்கியது. கடைசியில் ஒரு மலைப்பாம்பைக் கொண்டுவந்து, விரும்பியவர் தோளில் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். முதலில் போனது யார் தெரியுமா? காலையிலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த தைவான் பையன்! கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றான், ஆனால் நின்றுவிட்டான். தபால்காரர் படமெடுத்தார். நான் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு மனம் வரவில்லை.

வெளியே வந்து நடைபாதைக் கடையில் நாலு பேரும் சோறு சாப்பிட்டோம். அன்று இரவே அவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்துவிட்டார்கள். ஹாலந்துப் பெண் புறப்படுமுன் வந்து, "கயிறு எடுத்து வரச் சொன்னது பெரியவர்கள். பத்து வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் திரும்பியதும் அப்பாவைப் பார்க்கப் போனேன். எழுபத்தொன்று நடக்கிறது அவருக்கு. கட்டைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் எடுத்த பாம்புப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவனேதான். இவ்வளவு சின்னவனா? அன்னைக்குப் பெருசா தெரிஞ்சான்."

பிறகுதான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லாத அந்த டாக்டர் பேச்சைச் சொன்னேன். கயிற்றை எடுத்து வந்தது நான் என்பதையும் சொன்னேன்.

"கட்டாம இருந்திருந்தா காலு இருந்திருக்குமோ?"

"இருந்திருக்கும் போலப்பா."

அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "கயிறு நீ கொண்டு வந்தது எனக்குத் தெரியும்டா. செருப்பில்லாம ஓடுன. நிரைப் பக்கம் இன்னொண்ணு கிடந்து உன்னையும் கடிச்சிருமோன்னுதான் அன்னைக்கு நான் முதல்ல கத்தினேன்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "யாரங்கே, பிள்ளைக்குத் தேத்தண்ணி கலக்குங்க" என்று குரல் கொடுத்தார்.